கரிசல் காட்டு வேட்டையும் கண்மாய் மீனும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட நிலம் வானம் பார்த்த பூமி. ஆண்டு முழுவதும் சேர்த்துச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். குண்டாறு திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு கமுதிப் பக்கம் போகிறது என்றாலும், வருடத்தின் பெரும்பகுதியில் அது வெறும் மணல் தடம்தான். கரிசலும் இடையிடையே செவலுமாகக் கிடக்கும் இந்த மண்ணில் அடர்ந்த வனமோ வற்றாத ஆறோ இல்லை. வேட்டைக்கும் நன்னீர் மீன்பிடிக்கும் பேர்போன சீமைகளோடு இவ்வூர்களை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஆயினும் இரண்டும் இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கின்றன.

அது எப்படி என்பதை ஒரு சொல்லே காட்டிவிடும். இந்த வட்டாரத்தில் ‘காடு’ என்றால் மரம் அடர்ந்த வனம் அல்ல. பருத்திக் காடு, சோளக் காடு, மிளகாய்க் காடு என்று உழுது விதைக்கும் மானாவாரி நிலத்தைத்தான் மக்கள் காடு என்கிறார்கள். வேட்டை நடந்ததும் அந்தக் காட்டில்தான். தையிலும் மாசியிலும் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தபின் வெறிச்சோடிக் கிடக்கும் நிலம் வேட்டைக்களமாகும். பங்குனி தொடங்கி ஆனி வரை வற்றிக்கொண்டு வரும் கண்மாய் மீன்களமாகும். ஆடியில் உழவுக்கு ஆயத்தம், ஐப்பசியில் புதுத்தண்ணீர் என்று வட்டம் மறுபடி தொடங்கும். உழவு ஓய்ந்த நாட்களை நிரப்பியவை இந்த இரண்டும்.

இந்தக் காட்டின் முதன்மையான வேட்டை உயிர் முயல். கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கும் இந்தியக் காட்டு முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. புல் தூரிலோ வரப்போரப் புதரிலோ உடல் படியும் அளவுக்கு ஒரு பள்ளத்தை அமுக்கி, பகல் முழுவதும் அதில் அசையாமல் பதுங்கியிருக்கும். ஆள் காலடியில் வந்தபிறகே எழுந்து ஓடும். இருட்டியபின்தான் மேய்ச்சல். குட்டிகள் பிறக்கும்போதே உடல் முழுக்க மயிரும் திறந்த கண்களுமாகப் பிறக்கின்றன. வளைக்குள் குருட்டுக் குட்டிகளை ஈனும் வளர்ப்பு முயலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. மறைவிடம் இல்லாத வெட்டவெளியில் பிறக்கும் உயிருக்கு அன்றைக்கே கண்ணும் காலும் வேண்டும். பதுங்கல், திடீர் எழுச்சி, வளைந்து நெளிந்து ஓடும் வேகம் ஆகிய இம்மூன்றையும் வைத்தே முயல் வேட்டையின் முறைகள் அமைந்தன. ஒரு சாரார் வலையை நெட்டுக்கு மறித்துக் கட்ட, மற்றவர்கள் வரிசையாக நின்று ஓசையிட்டுக் கலைத்துக்கொண்டு வருவது ஒன்று. நாயை விட்டு விரட்டிப் பிடிப்பது இன்னொன்று.

நாய் வேட்டை இந்தத் தென்பகுதிக்கு ஒரு பெரிய சொத்தைத் தந்தது. ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால், குறுகிய முகம் என்று ஓட்டத்துக்கென்றே வார்த்தாற்போன்ற சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் கரிசல் வெளியில் உருவான இனங்கள். வெக்கையைத் தாங்கும், குறைந்த தீனியில் வாழும், பார்வையால் இரையைத் தொடரும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள இராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய வெள்ளை நாய் உடற்கட்டில் பெரியது. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்க்கப்பட்டது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அவற்றில் ஒன்று இராஜபாளையம். வேட்டை நின்றபின் இந்த நாய்களுக்கு இருந்த வேலை போயிற்று. இன்று அவை காவலுக்கும் கண்காட்சிக்கும் அழகுக்குமாக வளர்கின்றன. ஓட இடமில்லாமல் சங்கிலியில் கிடக்கும் சிப்பிப்பாறை நாயைப் பார்க்கிறவர்கள், அந்தக் கால்கள் எதற்காக அவ்வளவு நீளம் என்று ஒரு நிமிடமாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

கருவிகளில் பேசப்பட வேண்டியது வளரி. ஒரு முனை பருத்து மறு முனை சிறுத்து, பிறை போல வளைந்த எறிகட்டை அது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் போருக்கும் முயல் வேட்டைக்கும் ஒருங்கே பயன்பட்டது. பெரும்பாலும் மரத்தால் செய்தது, இரும்பிலும் செய்தார்கள், சென்னை அருங்காட்சியகத்தில் தந்தத்தாலான வளரிகளும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் எறிகட்டையோடு இதை ஒப்பிடுவது வழக்கம். எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்ற கதையை மட்டும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வேட்டைக்கு உதவியது அதன் குறியும் சுழலும் வேகமும்தான். தரையை ஒட்டிச் சுழன்று போய் ஓடும் விலங்கின் காலை முறிக்கும். ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801-இல் மருது சகோதரர்களுக்கு எதிரான போரில் கும்பினிப் படையோடு வந்தவர். மருதிருவர் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரர் சீமைகளின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனத்தை வெளியிட்டார். வேட்டைக்கும் போருக்கும் ஒரே கருவி என்று வாழ்ந்த சமூகத்தில், போர்க்கருவியைப் பறித்தபோது வேட்டைக் கருவியும் சேர்ந்தே போயிற்று. வேல்கம்பும் வலையும் நாயும் மிஞ்சின.

பறவைகளில் கௌதாரியும் காடையும் இந்தக் காட்டுக்குரியவை. கௌதாரிச் சேவல் தன் எல்லைக்குள் இன்னொரு சேவலின் குரலைப் பொறுக்காது. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டு, சுற்றிலும் கண்ணிகளை ஊன்றி வைத்தால், சண்டைக்கு ஓடிவரும் சேவல் காலைக் கொடுத்துவிடும். பறவையின் மானத்தையே பொறியாக்கிய முறை இது. அதற்கு வேண்டியிருந்த பொறுமையும் குரல் அறிவும் சாமானியமானவை அல்ல. ஊர் ஊராகச் சென்று காடையும் கௌதாரியும் பிடித்து விற்ற நரிக்குறவர் சமூகம் 2023 ஜனவரியில்தான் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேட்டை குற்றமான நாளிலிருந்து அவர்கள் இழந்த பிழைப்புக்கு ஈடு எதுவும் உடனே கிடைக்கவில்லை.

வேட்டைக்கு வழிபாட்டோடும் உறவு இருந்தது. நவராத்திரி முடிவில் விஜயதசமியன்று சாமி எழுந்தருளி அம்பு போடும் பாரிவேட்டை பெரிய கோயில்களில் நடப்பது. தென் மாவட்டங்களின் குலதெய்வக் கோயில்களில் மாசிச் சிவராத்திரியை ஒட்டிய களரி நாட்களில் நடந்த பாரிவேட்டை அதிலிருந்து வேறுபட்டது. இரவெல்லாம் கண்விழித்த ஆண்கள் விடிந்ததும் கூட்டமாகக் காட்டுக்குப் போவார்கள். கிடைத்த முயல் ஊருக்குள் கொண்டுவரப்பட்டுப் பங்காகும். காலமும் கணக்கும் வைத்த வேட்டை அது. வருடத்தில் ஒரு நாள், அதுவும் அறுவடை முடிந்தபின். அந்த வரம்பு இருந்தவரை முயலுக்கும் பிழைக்க வழியிருந்தது.

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. முதலில் சில உயிர்களை உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, அபராதத்தை ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. சிறைத் தண்டனை மூன்று ஆண்டுகள் வரை. மயிலும் உடும்பும் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. அவற்றைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு சிறை. முயல், கௌதாரி, காடை எதுவும் விலக்கு அல்ல. சிவராத்திரிச் சடங்கு என்பதும் சட்டத்தின் முன் விலக்கு ஆகாது. தடை கடுமையானது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் வழக்கம் என்ற பெயரில் இன்று நடப்பது பழைய வேட்டை அல்ல என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நெற்றியில் கட்டிய பேட்டரி விளக்கு, மோட்டார் சைக்கிள், பதிவு செய்த கௌதாரிக் குரல், வேலியில் திருட்டுத்தனமாக இழுத்த மின்கம்பி ஆகியவற்றோடு நடக்கும் கொலைக்கு நாளும் இல்லை, கணக்கும் இல்லை. வெளிச்சத்தில் கண்கூசி உறைந்து நிற்கும் முயலை அடிப்பதில் வேட்டைக்காரனின் திறமை என்று ஒன்றும் கிடையாது. மின்கம்பியில் மாடும் மனிதரும் சேர்ந்தே சாகிறார்கள். இந்த வட்டாரத்தில் முயல் வேட்டையின் காலம் முடிந்துவிட்டது. அது முடிந்ததே நியாயம்.

நிலமும் பழைய நிலமாக இல்லை. சீமைக்கருவேலம் கடந்த நூற்றாண்டில் தரிசுகளையும் ஓடைகளையும் கண்மாய் உள்வாய்களையும் மூடியது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அது கைகொடுத்தது. பல ஏழைக் குடும்பங்கள் அதனால்தான் பஞ்ச காலங்களைத் தாண்டின. வெட்டவெளியை நம்பி வாழ்ந்த கௌதாரிக்கும் முயலுக்கும் மட்டும் அந்த முள்காடு ஒத்துவரவில்லை. பதுங்க அடர்ந்த புதர் தேடும் காட்டுப்பன்றிக்கு அது கோட்டையாயிற்று. கம்பும் சோளமும் விளைந்த இடங்களில் மக்காச்சோளம் வந்தது, பன்றி அதைத் தேடி வந்தது. மயில் விதைப்பு நிலத்தில் இறங்குகிறது. உழவர்களின் இந்தக் குறை உண்மையானது. பயிர்ச் சேத இழப்பீடு வேகமாகவும் முழுமையாகவும் கிடைத்தாலொழிய வேட்டைத் தடையின் சுமை முழுவதும் அவர்கள் தலையில்தான் விழும்.

காட்டில் மூடிய கதவு கண்மாயில் திறந்தே இருக்கிறது. விரால், கெண்டை, கெளுத்தி முதலான கண்மாய் மீன்கள் வேட்டைத் தடைப் பட்டியலில் இல்லை. இந்த வட்டாரத்தில் சட்டப்படியும் மனசாட்சிப்படியும் மிஞ்சியிருக்கும் வெளிக்கள விளையாட்டு மீன்பிடிதான். அதைப் புரிந்துகொள்ள முதலில் கண்மாயைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உடையவை நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சங்கிலியாகக் கோத்த அமைப்பு இது. மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாயின் வரத்துக்கால் ஆகும். கண்மாய்க்குள் கரையை ஒட்டி, மடைக்கு முன்னால் உள்ள ஆழமான பகுதியில்தான் கடைசித் தண்ணீர் நிற்கும். வானம் பொய்த்த வருடங்களில் அதுவும் வெடித்துப் பாளம் பாளமாகும்.

அப்படி முற்றிலும் வற்றிய கண்மாயில் அடுத்த மழைக்கு மீன் எங்கிருந்து வருகிறது? முட்டைகள் சேற்றில் உறங்கிக் கிடந்து மழைக்குப் பொரிக்கின்றன என்று ஊரில் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் மழைக்குட்டைகளில் வாழும் சில சிறு மீன்களின் முட்டைகள் உண்மையில் அப்படித்தான் காய்ந்த மண்ணில் உயிரோடு இருக்கும். நம் கண்மாய் மீன்களுக்கு அந்த ஆற்றல் கிடையாது. இங்கே வேறு வழிகள் உண்டு. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை தண்ணீருக்கு மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. ஈரச் சேற்றுக்குள் புதைந்து பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும். பனையேறிக் கெண்டை செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத் தரையில் நகர்ந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். அயிரை ஈர மணலுக்குள் ஒளியும். மற்றவை ஊருணியிலும் கிணற்றிலும் ஆற்று மடுவிலும் மேல் கண்மாய்க் குழியிலும் பிழைத்துக் கிடந்து, மறுகால் தண்ணீரோடு இறங்கியும் வரத்துக்காலில் எதிர்நீச்சல் போட்டு ஏறியும் பரவும். ஆகவே மீன் வரும் வழியும் தண்ணீர் வரும் வழியும் ஒன்றுதான். வரத்துக்காலை அடைத்து வீடு கட்டினால் பாசனம் கெடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மீன் குடியும் அத்தோடு அறுபடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

வற்றுவது கண்மாய்க்குக் கேடு என்று எண்ண வேண்டாம். வெயிலில் காய்ந்த உள்வாயில் புல் முளைக்கும், ஆடு மாடு மேயும், சாணம் விழும். வண்டல் காட்டுக்கு உரமாகப் போகும். ஐப்பசியில் தண்ணீர் ஏறியதும் அந்தப் புல்லும் சாணமும் அழுகி, நுண்ணுயிர்களும் பாசியும் பெருகி, மீனுக்கு விருந்தாகும். சில மாதமே தண்ணீர் நிற்கும் கண்மாயில் மீன் அவ்வளவு வேகமாக வளர்வதற்கு இதுவே காரணம்.

கண்மாய் மீன்பிடியை ஒரு விளையாட்டாக எழுத்தில் முதலில் ஆராய்ந்தவர்களில் சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் முக்கியமானவர். 1873-இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு நூல் எழுதியவர், 1887-இல் கண்மாய்த் தூண்டிலுக்கென்றே தனி நூல் வெளியிட்டார். மலையாற்றின் பெருமீன்களைத் தேடிப் போன துரைமார் நடுவே, ஊர்க் குளத்துக் கெண்டையும் விராலும் ஒரு மனிதனின் முழுக் கவனத்துக்கும் தகுதியானவை என்று அவர் கருதியது குறிப்பிடத்தக்கது. ஊர்ச் சிறுவர்களுக்கு அது அதற்கு முன்பே தெரியும்.

அவர்களுடைய தூண்டில் எளிமையானது. ஒரு மூங்கில் கம்பு, தங்கூசி, ஒரு முள், ஒரு சிட்டிகை ஈயம், மயிலிறகுத் தண்டிலோ நெட்டியிலோ செய்த தக்கை. இரை மண்புழு அல்லது பிசைந்த மாவு. தக்கையின் அசைவே மீனின் பெயரைச் சொல்லிவிடும் என்பார்கள். தக்கை துள்ளித் துள்ளி நடுங்கினால் கெண்டை கொறிக்கிறது. ஒரே இழுவையாக அமிழ்ந்து பக்கவாட்டில் போனால் கெளுத்தி; அதை முள்ளிலிருந்து எடுக்கும்போது முதுகிலும் இரு விலாவிலும் உள்ள கொடுக்குகளுக்குக் கை தப்ப வேண்டும், குத்தினால் கடுப்பு எளிதில் அடங்காது. விராலுக்கு இந்த முறை சரிவராது. அது பதுங்கித் தாக்கும் மீன். பெரிய முள்ளில் சிறு தவளையைக் கோத்து, தாமரை இலைக்கும் கோரைக்கும் இடையே தத்தவிட்டு இழுத்தால் பாய்ந்து கவ்வும்.

விராலைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் செந்நிறத்தில் ஒரே திரளாக நீர்ப்பரப்பில் நகரும். தகப்பனோ தாயோ அடியில் காவல் வரும். அந்தத் திரளின் மேல் எதை எறிந்தாலும் காவல் விரால் பாய்ந்து கவ்வும். பசியில் அல்ல, பிள்ளையைக் காக்க. அந்த நேரத்தில் விரால் பிடிப்பதைப் போல எளிதானது கண்மாயில் வேறொன்றும் இல்லை. அதைப் பிடித்த சில மணி நேரத்தில் திரள் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். சிவந்த குஞ்சுத் திரள் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போவதே ஒழுங்கான மீன்காரனின் வழக்கம்.

ஐப்பசியில் முதல் தண்ணீர் வரத்துக்காலில் வரும்போது மீன் எதிர்த்து ஏறும். மண்வாசமும் குளிர்ச்சியும் கலந்த புதுநீர் அவற்றுக்கு முட்டையிடும் அழைப்பு. வயிறு நிறைந்த சினைமீன்கள் முழங்கால் ஆழத் தண்ணீரில் கூட்டமாக ஏறுவதால், அந்த வாய்க்காலை மறித்துப் பறியை வைத்தால் கூடை கூடையாக விழும். கலுங்கில் மறுகால் பாயும்போதும் இதுவே. ஒரு நாள் குழம்புக்கு வருடத்தின் விதையைத் தின்பது அது. இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, பல மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால், தூண்டில்காரர்கள் ஒதுங்கியிருக்கச் சட்டம் உண்டு. வானம் பார்த்த பூமியில் அத்தனை மாதம் வேண்டாம். புதுத்தண்ணீர் வரும் இரண்டு மூன்று வாரம் வரத்துக்காலில் கை வைக்காதிருந்தால் போதும்.

கோடை முற்றியதும் கண்மாயின் உச்சநாள் வருகிறது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, விருதுநகர் மாவட்டங்களில் மீன்பிடித் திருவிழா என்றும், கண்மாயை அழித்தல் என்றும் சொல்லப்படுவது இதுதான். அழித்தல் என்ற சொல்லுக்கு இங்கே தடையை நீக்கி எல்லாருக்கும் திறந்துவிடுதல் என்பதே பொருள். நாள் குறித்துச் சுற்றூர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். விடியும் முன்பே கரை நெடுக ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கூட்டம் நிற்கும். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அதற்கு முன் ஒருவர்கூட இறங்கக் கூடாது என்பதுதான் அன்றைய ஒரே சட்டம்.

அன்று கையில் இருப்பவை வலை, கச்சா, பறி, ஊத்தா. எதுவும் இல்லாதவர்கள் பழைய சேலையையோ கொசுவலையையோ இரண்டு பேராகப் பிடித்து அரிப்பார்கள். இவற்றில் ஊத்தாவைப் போல இந்த ஆழத்துக்குப் பொருந்திய கருவி வேறில்லை. மெல்லிய குச்சிகளை வட்டமாக நிறுத்திக் கயிற்றால் பின்னிய அடியில்லாக் கூடை அது. கீழ்வாய் அகலம், மேல்வாய் குறுகல். தொடையளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே இங்கொரு குத்து அங்கொரு குத்து என்று அமிழ்த்துவார்கள். உள்ளே மீன் சிக்கினால் குச்சியில் முட்டும் அதிர்வு உள்ளங்கையில் தெரியும். மேல்வாய் வழியே கையை விட்டுச் சேற்றோடு தடவிப் பிடிக்க வேண்டும். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை இல்லை, எல்லாம் கைதான். வழுக்கும் விராலைத் தலைக்குப் பின்னால் செவுளோடு சேர்த்து அழுத்தத் தெரியாதவர் கையில் அது நிற்காது.

பிடித்த மீனை விற்பதில்லை என்பது பல ஊர்களில் இன்றும் கட்டுப்பாடு. அன்றைக்கு ஊர் முழுவதும் மீன் குழம்பு மணக்கும், விருந்தாளிக்குக் கொடுத்தனுப்புவார்கள். இப்படி எல்லாரும் கூடிப் பிடித்தால் அடுத்த வருடம் மழை பெய்யும் என்று நம்புகிறார்கள். நைஜீரியாவின் ஆர்குங்கு நகரில் 1934 முதல் நடக்கும் மீன்பிடித் திருவிழாவிலும் ஆயிரக்கணக்கானோர் சுரைக்குடுக்கையும் கைவலையுமாக ஒரே சைகையில் ஆற்றில் குதிக்கிறார்கள். அங்கே பெரிய மீன் பிடித்தவருக்குப் பரிசு உண்டு. நம் கண்மாயில் பரிசு இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. வருடம் முழுவதும் ஊர் காத்து வைத்ததை ஊரே ஒரே நாளில் பகிர்ந்துகொள்கிறது. காட்டில் முயலுக்கு வைத்த பழைய வரம்பு, அதாவது குறித்த ஒரு நாள், பொதுப் பங்கு, இன்றும் உயிரோடு இருப்பது இங்கேதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது மீன்பாசி ஏலம். ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கில் கண்மாயின் மீன் உரிமை ஏலம் போகிறது. எடுத்தவர் விரலி எனப்படும் மீன்குஞ்சுகளை வாங்கி விடுகிறார். பொதுவாக மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீரில் ரோகு, அடியில் மிர்கால் என்று மூன்றும் கலந்து விடப்படுகின்றன. ஒன்றின் தீனியை மற்றொன்று பறிக்காது. வட இந்திய ஆறுகளின் இந்தக் கெண்டைகள் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடா. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌதுரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி அவற்றை முட்டையிட வைத்தார். அந்த நாளே தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. திருச்சுழிக் கண்மாயில் கட்லா வளர்வது அந்த ஊசியின் பயன். ஏலப் பணம் ஊருக்கு வருமானம். ஏலம் தவறு என்று சொல்ல முடியாது. குத்தகைக்காரர் கடைசிக் குழியையும் மோட்டார் வைத்து இறைத்து, சின்னக்கண் வலையால் அயிரை வரை வழித்தெடுப்பதுதான் தவறு. அவருக்கு அது ஒரு பசலியின் கணக்கு. மறு பசலி யாருக்கோ.

வந்தேறி மீன்களின் கதை இதைவிடக் கசப்பானது. ஜிலேபி என்று ஊரில் அழைக்கப்படும் திலாப்பியா, ஆப்பிரிக்காவின் மீன். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு அங்கிருந்து நாடெங்கும் பரவியது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்தே காப்பதால் அதன் குஞ்சுகள் பெரும்பாலும் தப்பிவிடும். எந்தத் தண்ணீரிலும் பெருகும். ஏழை வீட்டுக் குழம்புச் சட்டியை அது நிரப்பியது உண்மை. கெண்டை வகைகளின் இடத்தை அது பிடித்துக்கொண்டதும் உண்மை. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு அந்த நன்மையும் இல்லை. கண்ணில் படும் எல்லா மீனையும் விழுங்கும் அதை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. கள்ளத்தனமாக வளர்த்த குட்டைகள் மழையில் உடைந்து அது கண்மாய்க்குள் புகுந்தால், நாட்டு மீன் மிச்சமிருக்காது.

வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். திருகுக்கள்ளிப் பாலைக் குட்டையில் கலந்து மீனை மயக்கும் பழைய வழக்கமும் அதில் அடங்கும். வலையில் சிக்கும் ஆமை மீன் அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கண்மாய்களில் வாழும் பாலாமை மயிலுக்குச் சமமான பாதுகாப்பு உடையது. வலையை அறுத்தேனும் அதைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

பறவைகளின் பங்கும் உண்டு. திருச்சுழிக்குக் கிழக்கே முதுகுளத்தூர்ப் பக்கம் உள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய இரண்டும் சாதாரணப் பாசனக் கண்மாய்கள்தான். 1989-இல் பறவைச் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. கருவேல மரங்களில் கூடு கட்டும் நாரையும் கூழைக்கடாவும் சுற்றிலுமுள்ள கண்மாய்களில்தான் மீன் பிடிக்கின்றன. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கண்மாயில் மீன் இல்லாத வருடம் அங்கே குஞ்சும் குறையும்.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் எதுவுமல்ல, அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கண்மாயை அழிக்கும் நாளிலும், குத்தகைக்காரர் கடைசி வலை போடும் நாளிலும், மடைக்கு முன்னுள்ள குழியில் இடுப்பளவுத் தண்ணீரை இறைக்காமல் விட வேண்டும். அதில் நாலைந்து சோடி விராலும் கையளவு அயிரையும் கெண்டையும் கிடக்கட்டும். ஏலச் சீட்டில் இந்த ஒரு வரியைச் சேர்க்க ஊர்க்கூட்டத்தால் முடியும். இந்தக் கோடையிலேயே சேர்க்க வேண்டும்.